கண்ணாடிக் கூரையார்

கண்ணாடிக் கூரையார் என்பவர், சென்னை போன்ற வெயில் ஊரில், தலைக்கு மேலே கண்ணாடி பதித்த ஸ்போர்ட்ஸ் காரை முழு நினைவோடு விலை கொடுத்து வாங்கியவர். வயது பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியிருக்கும். இப்படிப்பட்ட கார் வாங்கும் வசதி வரும் காலமும் உச்சந்தலையில் முடி கொட்டும் காலமும் இவருக்கு ஒன்றாகவே அமைகின்றன. சூரியனுக்கும் மண்டைக்கும் நடுவே இயற்கை வைத்திருந்த தடுப்பு விலகும் நேரம் பார்த்து, தகரத் தடுப்பையும் இவரே விலக்கிக்கொள்கிறார்.

சன்ரூஃப் வைத்த குடும்பக் காரின் சொந்தக்காரரும் இதே இனத்தின் ஒரு கிளைதான். அந்தக் கிளை இப்போது தெருவுக்குத் தெரு பெருகிவிட்டது. அங்கே கூரை எதற்கு என்பதில் குழப்பமே இல்லை: பிள்ளைகள் பாதி உடம்பை வெளியே நீட்டி ஊருக்குக் கையாட்டுவதற்கு. ஆபத்தான பழக்கம் என்பதைத் தவிர அதில் ஆராய எதுவும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார்க்காரரின் நிலை வேறு. அவருக்கு இருப்பது இரண்டு இருக்கை, தலைக்கும் கண்ணாடிக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி, ஒரு கனவு.

கனவு வெளிநாட்டிலிருந்து வந்தது. 1954-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் கிரெஸ்ட்லைன் ஸ்கைலைனர் என்ற காரை விட்டது. முன்னிருக்கைக்கு மேலே பச்சைச் சாயமேற்றிய ஒளிபுகும் பிளாஸ்டிக் கூரை. அதே வீட்டுத் தயாரிப்பான மெர்குரியிலும் ‘சன் வேலி’ என்று ஒன்று வந்தது. உள்ளே உட்கார்ந்தவர்களின் முகம் பச்சையாகத் தெரிந்தது, தலை காய்ந்தது. கூரையை மறைக்க உள்ளே மாட்டும் துணியையும் நிறுவனமே தனியாக விற்றது. 1956-க்குப் பிறகு அந்தக் கூரையைக் காணோம். ஜெர்மனியில் 1965-இல் காட்சிக்கு வந்த போர்ஷே 911 டார்கா, சிசிலித் தீவில் நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. முதலில் கையால் கழற்றும் கூரை. 1990-களின் நடுவில் அதுவே பின்னோக்கி நகரும் கண்ணாடிக் கூரையானது.

ஜெர்மானியர் செய்ததில் தவறில்லை. டிசம்பர் கடைசியில் பெர்லினில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேலே 14 டிகிரிதான் ஏறும். சூரியனைப் பார்க்க அங்கே கூரையைத் திறக்கத்தான் வேண்டும். சென்னையில் அதே டிசம்பரில் நண்பகல் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை நேர் உச்சிக்கே வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டு, நிழல் காணாமல்போவதைக் கைதட்டி ரசிக்கும் நாள்கள் அவை. கண்ணாடிக் கூரையார் கைதட்டுவதில்லை.

வெயிலின் கணக்கு எளியது. தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம் அவ்வளவுதான். சாயம், பூச்சு என்று போட்டு அதில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பினாலும் மிச்சம் உள்ளே இறங்கி, இருக்கைத் தோலையும் ஸ்டீயரிங்கையும் சூடாக்குகிறது. அவை திருப்பி விடும் வெப்பத்தைக் கண்ணாடி வெளியே விடாது. வெளியில் 35 டிகிரி என்றால், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காருக்குள் 55 டிகிரிகூட ஆகலாம்.

விற்பனையாளரும் பொய் சொல்வதில்லை. “யூவி 99 பர்சென்ட் உள்ள வராது சார்” என்பார். ஒட்டடுக்குக் கண்ணாடி புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதுமாகவே தடுத்துவிடும். ஆனால் சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு 5 சதவீதத்தை ஒட்டியதுதான். மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும். அந்த மீதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பேச்சு நடப்பது ஏசி போட்ட ஷோரூமில். இறக்குமதி வரியால் விலை இரட்டித்து நிற்கும்போது வாங்குபவரின் கவனமும் வேறு இடத்தில் இருக்கும்.

கார் வீட்டுக்கு வந்த முதல் கோடையிலேயே இவர் நிழல் நிபுணராகிவிடுகிறார். வானத்துக்காகப் பணம் கட்டியவர், அதன்பின் அண்ணாந்து பார்ப்பது மரங்களை மட்டுமே. எந்தத் தெருவில் எந்தச் சுவரின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்பது இவருக்கு மனப்பாடம். ஓட்டலில் சாப்பாடு எப்படி என்று கேட்பது நின்றுபோய், பார்க்கிங் தரையடியிலா என்று விசாரிப்பார். தரையடிப் பார்க்கிங் உள்ள ஓட்டலில் சாம்பார் சுமாராக இருந்தாலும் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிடுவார். உறவினர் வீட்டு விசேஷங்களில் முகூர்த்த நேரத்தைவிட, வாசல் கிழக்குப் பார்த்ததா மேற்குப் பார்த்ததா என்பதே இவருக்கு முக்கியம்.

சிக்னலில் இவரைப் பார்ப்பது தனி அனுபவம். கோடையில் சென்னை இருசக்கர வண்டிக்காரர்கள் சிக்னல் கோட்டுக்கு வெகு பின்னால், மர நிழல் எங்கே முடிகிறதோ அங்கேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு நடுவே கோடி ரூபாய்க் காரும் நிற்கும். 2024 கோடையில் மாநகராட்சி சில சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டது, இருசக்கர வண்டிக்காரர்களுக்காக. கண்ணாடிக் கூரையாரின் சக்கரங்கள் நான்கு என்பதை அந்தப் பந்தலின் கீழ் அவருக்கு யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கும்.

மரத்துக்கு மரம் விலையும் உண்டு. வேப்ப மரம் பூவை உதிர்க்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்ற வண்டி பிசுபிசுக்கும். எந்த மரமானாலும் காக்கை பொது. தென்னை நிழலில் இவர் நிறுத்துவதில்லை. நெற்று தகரத்தில் விழுந்தால் பள்ளம், கண்ணாடியில் விழுந்தால் இன்சூரன்ஸ். வேம்பையும் புங்கையையும் நம்பினவருக்குக் கணக்குத் தீர்வது ஐப்பசியில்தான். திறக்கும் கூரையின் ஓரங்களில் தேங்கும் நீர் வெளியேற மெல்லிய குழாய்கள் உண்டு. கோடை முழுவதும் உதிர்ந்த பூவும் சருகும் அவற்றை அடைத்திருக்கும். வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழையில் தண்ணீர் வேறு வழி தேடும்; பெரும்பாலும் அது மனைவியின் மடியாக இருக்கும்.

வெயிலைத் தடுக்கத் தாள் ஒட்டுவதும் அவ்வளவு எளிதல்ல. உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில், கார்களின் முன்பின் கண்ணாடிகளிலும் பக்கக் கண்ணாடிகளிலும் கறுப்புத்தாள் ஒட்டத் தடை விதித்தது. தடை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது மே 4. கத்திரி வழக்கமாகத் தொடங்குவதும் அன்றைக்குத்தான். ஆகவே இவருடைய முயற்சியெல்லாம் கூரையோடு நிற்கிறது: முதலில் வெப்பம் தடுக்கும் தாள், அதற்குக் கீழே வலைத்திரை, அதற்கும் கீழே அளவெடுத்து வெட்டிய வெள்ளி நிற அட்டை. கடைசியில் தகரக் கூரை சும்மா தந்திருக்கும் இருட்டு வந்து சேர்கிறது.

குடும்பத்தார் பேச்சில் மிச்சம் வைப்பதில்லை. “மாப்பிள்ளை, மேல நாலு கீத்து வேய்ஞ்சுட்டா குளுகுளுன்னு இருக்குமே” என்பது மாமியாரின் கனிவான யோசனை. தி. நகருக்குக் கிளம்பும்போது மனைவி, “ஆட்டோல போயிடலாங்க, அதுல கூரை இருக்கு” என்பார். வெளியாட்கள் கேட்டால் மட்டும் இவர் விட்டுக்கொடுக்க மாட்டார். “வெயில் அடிக்காதா சார்?” என்றால், “தெரியவே தெரியாது” என்பார், கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

கூரையை இவர் திறப்பதே இல்லை என்று சொல்வது அநியாயம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போவார். அப்போது திறப்பார். தெரிவது இருட்டும் தெருவிளக்கும். மே மாதத்தில் சூரியன் ஐந்தே முக்காலை ஒட்டி எழுந்துவிடுவதால், கோவளம் தாண்டும்போதே பொத்தானை மறுபடி அழுத்த வேண்டியிருக்கும். இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குத் திரும்புகையில் தொப்பி போட்டிருப்பார், காருக்குள்.

நாலைந்து கோடைக்குப் பிறகு கார் விற்பனைக்கு வரும். ‘ஒரே உரிமையாளர், குறைவாக ஓடியது, வெயில் படாமல் வைத்திருந்தது’ என்று விளம்பரத்தில் இருக்கும், மூன்றும் உண்மை. பார்க்க வருபவர் நாற்பதைத் தாண்டியவர். என்ஜின், டயர், சர்வீஸ் புத்தகம் எதையும் கேட்க மாட்டார். கூரை திறக்குமா என்றுதான் கேட்பார். திறந்து காட்டுவார்கள். அட்டை, வலைத்திரை, சில்வர் கவர் எல்லாம் விலையில் சேர்ந்தவை.