வேண்டிக்கொண்டவள் அவள், கால்கள் என்னுடையவை

என் மூன்று மாதச் சர்க்கரை 8.4 என்று வந்த அன்று டாக்டர் தினமும் நாற்பத்தைந்து நிமிடம் நடக்கச் சொன்னார். அவர் இதைச் சொல்வது பன்னிரண்டாவது தடவை. மூன்று மாதத்துக்கு ஒன்று, மூன்று வருடம். பாங்கில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவன், இதில் தப்பு வராது. ஒவ்வொரு தடவையும் "ஆகட்டும் சார்" என்று எழுந்து வந்து, எதிரில் இருக்கும் தர்ஷினியில் ஒரு செட் தோசை சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பேன்.

பன்னிரண்டாவது தடவை மனைவியும் கூட வந்துவிட்டதால் செட் தோசை நடக்கவில்லை. ஆட்டோ திரும்பியதும் தூரத்தில் சாமுண்டி மலை தெரிந்தது. கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன வேண்டிண்டே?"

"சர்க்கரை ஏழுக்குக் கீழே எறங்கினா, நீங்க ஆயிரம் படியும் ஏறி வருவேள்னு."

வேண்டுதல் அவளுடையது, கால்கள் என்னுடையவை. பாங்கில் இதற்கு ஜாமீன் கையெழுத்து என்று பெயர். அங்கேயாவது கையெழுத்துப் போடுகிறவனை ஒரு வார்த்தை கேட்பார்கள்.

ஏழுக்குக் கீழே நான் இறங்கப்போவதில்லை என்ற தைரியத்தில் இருந்தேன். அதைக் கெடுத்தவர் மேல்வீட்டு அஜ்ஜி. எண்பதைத் தாண்டிய மாத்வப் பாட்டி. கீழ் வீட்டில் நடப்பது அத்தனையும் அவருக்குத் தெரியும். "தேவிக்குக் கொஞ்சம் முன்பணம் கட்டினால் சீக்கிரம் கேட்பாள்" என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் காலை ஐந்தரைக்கு நான் மலையடிவாரத்தில். கடன் வாங்குவதற்கு முன்பே தவணை கட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மலை 3,489 அடி. வீட்டில் இந்த எண்ணைச் சொல்லித்தான் அனுதாபம் வாங்கினேன். அது கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம் என்பதையும், மைசூரே 2,500 அடிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சொல்லவில்லை. படிகளை 1659-இல் தொட்ட தேவராஜ உடையார் கட்டினார் என்பார்கள். ஆயிரம் என்று பேர். ஆயிரத்தெட்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் எண்ணியபோதெல்லாம் இருநூற்றைம்பதுக்கு மேல் எண்ணிக்கை மறந்து மூச்சு மட்டும் ஞாபகத்தில் இருந்தது. வழியில் ஒரே கல்லில் பதினைந்தடி உயரத்துக்கு நந்தி. அது எழுநூறாவது படி என்று ஒருவர், எண்ணூறாவது என்று ஒருவர். எத்தனையாவதாக இருந்தாலும் அங்கே நந்தி வைத்தவர் மூட்டுவலிக்காரராகத்தான் இருக்க வேண்டும். கும்பிடுகிற சாக்கில் பத்து நிமிடம் நிற்கலாம், ஒருவரும் குறை சொல்ல முடியாது.

ஏறுகிறவர்களில் இரண்டு சாதி. ஒன்று பட்டைக் கடிகாரச் சாதி. பளபளக்கும் ஷூ, காதில் ஏதோ சங்கீதம். இருபது படிக்கு ஒரு தரம் மணிக்கட்டைப் பார்த்து இதயம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வார்கள். இன்னொன்று வெறுங்காலும் புடவையுமாக, ஒரு கிண்ணத்தில் மஞ்சள், ஒரு கிண்ணத்தில் குங்குமம். ஒவ்வொரு படிக்கும் குனிந்து பொட்டு வைத்துவிட்டுத்தான் அடுத்த படி. அதாவது ஆயிரம் தடவை குனிந்து ஆயிரம் தடவை நிமிர்வது. ஆஷாட வெள்ளிகளில் இந்தக் கூட்டம் நெரியும். நம் ஆடி வெள்ளி மாதிரிதான், கன்னடக் கணக்கில் கொஞ்சம் முந்தி வரும். கடிகாரக்காரர்களில் பாதிப்பேர் நந்தியோடு திரும்பிவிடுவார்கள். குங்குமக்காரிகளில் ஒருத்திகூடப் பாதியில் திரும்பி நான் பார்த்ததில்லை. இதற்குப் பெயர் உடற்பயிற்சி என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால், இரண்டாவது வாரமே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார்கள்.

ஏறி முடித்தால் மேலே ஒரு சிக்கல். வேண்டுதல் நிறைவேறியவர்கள் சும்மா இருப்பதில்லை, தொன்னை தொன்னையாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். பிரசாதத்தை மறுப்பது பாவம். ஆயிரம் படியில் எரித்ததை ஒரு தொன்னையில் திரும்ப ஏற்றிக்கொண்டு, வாளும் பாம்புமாக நிற்கும் மகிஷாசுரனைப் பார்த்துக்கொண்டே கையைக் கழுவுவேன்.

இந்த ஊரே அப்படி. நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்கட்டில்தான் காகாசுர மாதப்பா மைசூர்பாகைக் கிளறினார் என்று கதை. கடலைமாவு, சர்க்கரை, இரண்டையும் மூழ்கடிக்கிற அளவுக்கு நெய். அதே மகாராஜாதான் 1930-களில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரை அழைத்து ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை வைத்துக்கொடுத்தார். நோயும் அரண்மனை உபயம், மருந்தும் அரண்மனை உபயம். மகாராஜாவுக்கே சர்க்கரை இருந்தது என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது நிஜமாக இருந்தால் எனக்கு ராஜ பரம்பரை வியாதி. கிருஷ்ணமாச்சாரியார் 1888-இல் பிறந்து 1989 வரை இருந்தார். அவருக்கு யோகமும் பெருமாளும் வேறு வேறில்லை. அவரிடம் படித்த பட்டாபி ஜோயிஸின் வழியைத் தேடி இன்றைக்கும் வெள்ளைக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இந்த ஊர் கோகுலம் பேட்டைக்கு வருகிறார்கள். "அவா நாலு மணிக்கு எழுந்து சூரிய நமஸ்காரம் பண்றா" என்று வீட்டில் எனக்குத் தினமும் சுப்ரபாதம்.

படியோடு நிற்கவில்லை, ஏகாதசியும் வந்து சேர்ந்தது. அரிசி கூடாது, அவ்வளவுதான் சட்டம். சட்டம் சொல்லாததெல்லாம் அனுமதி என்பது என் கட்சி. காலையில் ரவை உப்புமா, பதினொன்றுக்கு வாழைப்பழம், மத்தியானம் ஜவ்வரிசி வடை, சாயங்காலம் வெல்லம் போட்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ராத்திரி இரண்டு அடை. அடையில் அரிசி உண்டே என்று ஞாபகம் வந்ததும் அதை மட்டும் கோதுமை தோசையாக மாற்றிக்கொண்டேன். விரதத்தில் கண்டிப்பு வேண்டாமா?

உப்புமா வாசனை மேலே போயிருக்க வேண்டும். அஜ்ஜி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏனப்பா, இது உபவாசவோ, உபாஹாரவோ?"

கன்னடத்தில் உபாஹாரம் என்றால் டிபன். இந்த ஊர் ஓட்டல் பலகைகளில் இருக்கும் வார்த்தை. கேட்ட அஜ்ஜி முதல் நாள் இரவிலிருந்து பல்லில் தண்ணீர் படாமல் இருந்தவர். மறுநாள் விடியற்காலை துளசி தீர்த்தம் குடித்த பிறகுதான் அவருக்கு அடுப்பே எரியும். துவாதசிப் பாரணைக்கு எங்கள் வீட்டிலும் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் எல்லாம் முறையாக உண்டு. ஆனால் அதெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு ஏற்பட்டவை. என் வயிறு காய்வதற்கு நான் இடமே கொடுக்கவில்லை.

அந்தத் துவாதசிக் காலையில் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. தாளைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நேற்று வீட்டில் ஏதாவது விசேஷமா?" என்றார்.

"விரதம் சார்."

அதற்குப் பிறகு ஏகாதசிக்கு அஜ்ஜி சொல்கிறபடிதான். நிர்ஜலம் வேண்டாம், மாத்திரை போடுகிறவன் அப்படியெல்லாம் கிடக்கக் கூடாது என்று டாக்டரும் அஜ்ஜியும் ஒரே குரலில் சொன்னார்கள். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம். ஒரு வேளை கோதுமைக் கஞ்சி, பிறகு மோர்.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சித்தப்பா இதற்கெல்லாம் விஞ்ஞானம் அனுப்புவார். ஏகாதசியன்று சந்திரன் குடலை இழுக்கிறதாம், தோப்புக்கரணம் மூளைக்கு மின்சாரம் தருகிறதாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவர் சொல்வது போல இது வெறும் விஞ்ஞானம் என்றால், டாக்டரை ஏமாற்றிய மாதிரி இதையும் ஏமாற்றியிருப்பேன். டாக்டரிடம் "நடந்தேன் சார்" என்று சொல்ல எனக்குக் கூசியதே இல்லை. மலை உச்சிக்கு நகரப் பேருந்து போகிறது. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை அதில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் சீட்டுக் கொடுக்க வருவதற்குள் இறங்கிவிட்டேன். மேலே போய் தேவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

போன மாதம் 6.8 வந்தது. டாக்டர் புது மாத்திரைதான் காரணம் என்றார். மனைவி சாமுண்டி என்றாள். அஜ்ஜி எதுவும் சொல்லவில்லை, முன்பணத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரி சிரித்தார். என் முழங்கால்களை ஒருவரும் விசாரிக்கவில்லை.

"அப்ப இனிமே வெள்ளிக்கிழமை தூங்கலாம், இல்லையா?"

"இத்தனை நாள் ஏறினது முன்பணம்தானே. வேண்டுதல் அப்படியே பாக்கி இருக்கு."

அதையும் ஏறி முடித்தேன். இறங்கும்போது இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவள் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப என்ன?"

"உங்க முழங்கால் சரியானா, பழனிக்கு..."

"அங்கே வின்ச் இருக்கு."

"படியேறின்னு சொல்லிட்டேனே."