சூரிய பகவானுக்கு ஓய்வு

உலகத்து வெளிச்சங்களிலெல்லாம் உத்தமமானது சூரிய வெளிச்சம் என்பதும், அதற்கு மின்சார வாரியத்தார் பில் போடுவதில்லை என்பது அதன் விசேஷ குணம் என்பதும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயங்களாயிருக்க, சூரியனைப் போல நம்பத்தகாத விளக்கு வேறு கிடையாது என்பது, களிமண் பொம்மைகளை வைத்து 'ஸ்டாப் மோஷன்' படம் எடுக்கும் என் தம்பி மகளுடைய சித்தாந்தம்.

அதில் நியாயம் உண்டு. பொம்மையை எள்ளளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி எள்ளளவு நகர்த்தி ஒரு படம் என்று, வினாடிக்கு 12 வீதம் ஒரு நிமிஷக் கதைக்கு 720 படங்கள் பிடிக்க வேண்டிய கலை அது. பகல் பூராவும் பிடித்ததைச் சில வினாடிகளில் ஓட்டிப் பார்க்கும்போது, ஜன்னலுக்கு வெளியே சாவகாசமாகப் போன மேகங்களெல்லாம் தலைதெறிக்க ஓடி, சாதுவாக நிற்கும் களிமண் யானையின் மேல் வெளிச்சமும் இருளுமாக வாரி இறைக்கும். அது ஒரு தரம் தும்பிக்கையைத் தூக்குவதற்குள் அதன் நிழல் அதைப் பாதிப் பிரதக்ஷிணம் செய்து முடித்துவிடும். ஆகவே ஜன்னலில் போர்வை கட்டி, சூரிய பகவானுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது.

அடுத்து நியமனமானவை கூடத்து டியூப்லைட்டும், பரணிலிருந்த 60 வாட் குண்டு பல்பும். ஒன்றின் ஒளி நீலம், மற்றதன் ஒளி மஞ்சளாதலால், யானைக்கு ஒரு பக்கம் ஜலதோஷமும் மறுபக்கம் காமாலையும் கண்டன. போதாக்குறைக்கு, குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே வெளிப்படுவதால், எண்ணெய்ப் பசையுள்ள அந்தக் களிமண் இளகி, கதாநாயகன் கதைக்குச் சம்பந்தமேயில்லாமல் முழந்தாளிட்டுச் சரணாகதி அடைந்தான்.

விளக்கைக் கண்டு நடிகர்கள் படுத்துவிடுவது இந்தக் கலைக்குப் புதிதல்ல. ருஷ்ய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த கோவ்னோ நகரில் மியூசியத் தலைவராயிருந்த லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச், 1910-ஆம் ஆண்டு வாக்கில், இரண்டு கொம்பு வண்டுகளின் மல்யுத்தத்தைப் படமாக்க எண்ணி விளக்கைப் போட்டாராம். இராத்திரியில் மட்டுமே யுத்தம் செய்யும் அந்த வீரர்கள் வெளிச்சம் பட்டதும் அசைவற்றுப் போகவே, அவர் செத்த வண்டுகளுக்குக் கம்பிக் கால் பொருத்தி, இம்மி இம்மியாக நகர்த்திச் சண்டையை நடத்திக்கொண்டார். 1912-இல் வண்டு தம்பதியரின் கள்ளக் காதலையே ஒரு படமாக எடுத்துவிட்டார். உயிரோடிருக்கும் நடிகர்களைவிட இவ்வகை நடிகர்கள் எவ்வளவோ மேல் என்று பட முதலாளிகள் பலர் இன்றும் ரகசியமாக நினைக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் கடைசியாக நிலைத்தவை, பட்டர் பேப்பர் போர்த்திய ஒரே ஜாதி எல்.இ.டி. விளக்குகள் இரண்டும், வெளிச்சத்தைத் திருப்பிவிட எதிர்ப்புறம் நிறுத்திய ஒரு தெர்மோகோல் பலகையும். மலிவான எல்.இ.டி. நம் மின்சாரத்தில் வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது. ஷட்டரை 1/50 வினாடி திறந்து வைத்தால் படத்துக்கு இரண்டு துடிப்பாகக் கணக்கு நேராகி, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாது. படம் பிடிக்கும் செல்போன் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தாதபடி பூட்டிவிட வேண்டும்.

செல்போனைப் பூட்டலாம்; குடும்பத்தைப் பூட்டுவதெப்படி? வெள்ளை வேஷ்டியோடு ஒருவர் கடந்து போனாலும் யானையின் வயிறு வெளுக்கிறது. "பெரியப்பா, வெள்ளைச் சட்டையோட கிட்ட வராதீங்க!" என்ற உத்தரவின் பேரில் நான் கறுப்பு பனியனுக்கு மாறியதைக் கண்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இது என்ன கோலம் என்று என் தாயார் விசனப்பட்டார். அவரே கொண்டுவந்து வைத்த எவர்சில்வர் டம்ளரோ, யானையின் நெற்றியில் நாமம் சாத்தியதுபோல் ஓர் ஒளிக்கீற்றைப் பாய்ச்சி, மத்தியானம் முழுதும் பிடித்த படங்களை வீணாக்கிற்று.

இப்போது அந்த அறைக்குள் கறுப்புப் பீங்கான் கோப்பையில் மட்டுமே காபிக்கு அனுமதி. அரையிருட்டில் அதற்குள் காபி மிச்சமிருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை என்பதைத் தவிர, இந்த ஏற்பாட்டில் எனக்கு வேறு ஆட்சேபம் இல்லை.