பாகலூர்க் குழியிலக்கணம்

பாகலூர் என்ற பெயரில் ஊர் இரண்டு உண்டு. ஒன்று பெங்களூருக்கு வடக்கே, எலகங்காவைத் தாண்டி, விமான நிலையத்துப் பக்கம் இருப்பது. மற்றொன்று ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில், கர்நாடக எல்லைக்குச் சற்று முன்னால் இருப்பது. முன்னதற்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் தேவனஹள்ளியில் 2015-ஆம் ஆண்டே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டார்கள். ஓர் ஊருக்கென்று இந்தியாவில் எழுந்த முதல் நிலையம் அது. எனவே அந்தப் பக்கம் ஆராய்ச்சிக்கு அதிகம் மிச்சமில்லை. இந்நூல் எடுத்துக்கொள்வது நம்முடைய பாகலூரை.

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பார்கள். நூற்பெயர்: குழியிலக்கணம். நுதலிய பொருள்: வீட்டுக் கழிவை வீட்டடியிலேயே வைத்துக்கொண்டு, வெளியேற்றிவிட்டதாக நம்பும் முறை. கேட்போர்: முப்பதுக்கு நாற்பது மனை வாங்கி வீடு கட்டியவர், கட்டப்போகிறவர், பின்னால் நாலு லைன் வீடு எடுத்துச் சிப்காட் பையன்களுக்கு வாடகைக்கு விட்டவர். பயன்: மோட்டார் போட்டதும் குழாயில் ஏன் அந்த வாடை வருகிறது என்று அறிதல்.

முதலில் பெயரியல். நான்கு மொழி புழங்கும் ஊர் இது. குழியைத் தெலுங்கர் குண்ட்ட என்பர். கன்னடர் குண்டி என்பர். கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குக் கன்னடத்தில் 'இங்கு குண்டி' என்று பெயர். இங்குதல் என்றால் அந்த மொழியில் உறிஞ்சப்படுதல். எல்லைக்கு அந்தப்பக்கம் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் இந்தச் சொல்லை இந்தப்பக்கத்தில் இருந்து போன தமிழ் மேஸ்திரி முதன்முறை கேட்கும்போது என்ன நினைத்திருப்பார் என்று உரையாசிரியர் எவரும் எழுதி வைக்கவில்லை. 'செப்டிக்' கிரேக்கச் சொல். அழுகல் என்று பொருள். 1860 வாக்கில் பிரான்சில் ழான் லூயி மூராஸ் என்பவர் வீட்டுக்குப் பக்கத்தில் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டி, பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தபோது எதிர்பார்த்த அளவு கசடு இல்லாதது கண்டு வியந்தார். 1881-இல் காப்புரிமையும் வாங்கினார். இவ்வகைத் தொட்டிக்குச் 'செப்டிக்' என்ற பெயரை வைத்தவர் 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரப் பொறியாளராக இருந்த டொனால்ட் கேமரன். இவ்வளவு வரலாறும் சேர்ந்து நம்மூரில் 'செப்டி டேங்கு' ஆயிற்று.

இனிக் குழிவகை. குழி ஐந்து. ஐந்தையும் வீட்டுக்காரர் 'செப்டி டேங்கு' என்றே அழைப்பதால் வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிவது அரிது.

முதலாவது மெய்த்தொட்டி. அடியிலும் பக்கத்திலும் சிமெண்டுப் பூச்சு, நடுவே தடுப்புச் சுவர், வெளியேறும் வாயில் டீ குழாய், அதற்கப்பால் தனியாக ஓர் உறிஞ்சுகுழி. கனமானது அடியில் சேறாகத் தங்கும். எண்ணெய்ப் பசை பாலாடை போல மேலே மிதக்கும். நடுவில் இருக்கும் நீர் மட்டும் வெளியே போகும். காற்று தேவைப்படாத நுண்ணுயிர்கள் சேற்றைத் தின்று குறைக்கும். இதற்கு இந்தியத் தர நிறுவனத்தின் 2470-ஆம் எண் விதி அளவு சொல்கிறது: அகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நீர் ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையாமல், கொள்ளளவு 1,000 லிட்டருக்குக் குறையாமல். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஊராட்சிகளுக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை என்பதால், மெய்த்தொட்டி நம்மூரில் எல்லா வீட்டிலும் உண்டு. அதாவது, ஒப்புதலுக்குப் போன வரைபடத்தில் உண்டு.

இரண்டாவது அடியிலி. சுவர் நாலும் ஒழுங்காக எழும். அடி மட்டும் மண். "அடி போட்டா சீக்கிரம் ரொம்பிடும் சார்" என்பது இதன் மூலச் சூத்திரம். மேஸ்திரிகள் குருமுகமாகக் கற்றது. மூன்றாவது உறைக்குழி: சிமெண்டு ரிங்கை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி மேலே ஒரு வட்ட மூடி. நான்காவது இரட்டைக்குழி: தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் உதவியோடு வந்தது. ஒரு குழி நிரம்பினால் அடைத்துவிட்டு அடுத்ததற்குத் திருப்ப வேண்டும். அடைத்தது ஓரிரு வருஷத்தில் மக்கி எருவாகும். அறிவுள்ள ஏற்பாடு. ஆனால் திருப்புகிற இடம் எது என்று கட்டியவர் மட்டும் அறிவார். நான் பார்த்த ஒன்றில் இரண்டாவது குழிக்குள் விறகு அடுக்கியிருந்தார்கள். ஐந்தாவது வழிகுழி: மேல்மட்டத்தில் ஒரு குழாய் கிளம்பித் தெருச் சாக்கடையில் வாய் வைத்திருக்கும். கோடையில் இது அடியிலி போல நடிக்கும். மழை பெய்த இரவில் தன் இயல்பைக் காட்டும்.

இவற்றுள் உயர்ந்தது எது என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "இருபது வருஷமா எடுத்ததே இல்ல" என்று சொல்லத்தக்கதே உயர்ந்தது என்பார். கல்யாணம் பேசும் இடத்தில்கூட இதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிரம்பாத தொட்டி என்று உலகில் ஒன்று கிடையாது. மெய்த்தொட்டியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமலே ஓடுகிறது என்றால், போட்டதெல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த 'எங்கேயோ' எங்கே என்பது அடுத்த இயல்.

அதுவே மூலையியல், இந்நூலின் உயிர். மேற்சொன்ன 2470-ஆம் விதியின் இரண்டாம் பகுதி, உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் விலகியிருக்க வேண்டும் என்கிறது. குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டர். 18 மீட்டர் என்பது 59 அடி. நம் மனை முப்பதுக்கு நாற்பது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக இழுத்த கோடு, பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குப்படி, மிகச் சரியாக 50 அடி. ஆகவே மனையின் கடைசி முனையில் போர் போட்டு நேர் எதிர் முனையில் குழி தோண்டினாலும் விதிக்கு ஒன்பது அடி குறைகிறது. வீட்டை எங்கே கட்டுவது என்ற கேள்வி இன்னும் வரவேயில்லை.

அந்த 50 அடியையாவது பயன்படுத்தினோமா என்றால் அதற்கு வாஸ்து விடாது. போர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில். அதற்கு நேர் எதிர் கன்னி மூலை. அங்கே குழி தோண்டினால் குடும்பத் தலைவருக்கு ஆகாது. அக்னி மூலையில் அடுப்பு. மிஞ்சியது வாயு மூலை, வடமேற்கு. பெயர்ப்பொருத்தமும் இருக்கிறது. எனவே பாகலூர்ப் புது நகர்களில் குழி வடமேற்கு, போர் வடகிழக்கு. இடைவெளி 30 அடி, கணக்குக்கு அது.

என் வீட்டு மாடியில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் முழு உண்மையும் விளங்கிற்று. வரிசையாக மனைகள். எல்லோரும் வாஸ்து பார்த்தவர்கள். என் வடமேற்கு மூலை, மேற்கு வீட்டுக்காரரின் வடகிழக்கு மூலையோடு ஒட்டியிருக்கிறது. என் குழிக்கும் அவர் போருக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர். அப்படியே என் போருக்குப் பக்கத்தில், சுவருக்கு அந்தப்பக்கம், கிழக்கு வீட்டுக்காரரின் குழி. கிழக்கு வீட்டுக்காரர் எனக்குச் செய்வதை நான் மேற்கு வீட்டுக்காரருக்குச் செய்கிறேன். அவர் தமக்கு மேற்கே இருப்பவருக்குச் செய்கிறார். தெருக்கோடி வரை ஒருவரும் விடுபடவில்லை. ஓர் ஊரே சாத்திரம் தவறாமல் நடந்து இதைச் சாதித்திருக்கிறது.

"எங்க போர் ஆயிரம் அடி, சார்" என்று இதற்கு மறுப்புச் சொல்வார்கள். ஆயிரம் அடி உண்மை. ஆனால் கேசிங் பைப் பாறை தட்டும் வரைதான் இறங்குகிறது. அதற்குக் கீழே துளை வெறும் துளை. செம்மண்ணுக்கு அடியில் இருப்பது வெடிப்பு விழுந்த பாறை. மண்ணில் மெல்ல ஊறும் நீர் வடிகட்டப்படும். பாறை வெடிப்பில் விழுந்த நீர் வடிகட்டப்படாமலே ஓடும். மேல் வெடிப்பில் வருவது துளைக்குள் விழத்தான் செய்யும். குடிக்க ஒகேனக்கல் தண்ணீரோ கேன் தண்ணீரோ இருப்பதால் நாம் இதை ஆராயாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறோம்.

காற்றுக்குழாயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 50 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாய், உயரமாக, வாயில் கொசுவலை. நம்மூரில் குழாய் உண்டு, வலை கிடையாது. கொசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே மாலையில் ஜன்னலைச் சாத்துகிறோம்.

மூடியியலில் இரு சமயம். மூடி தெரிய வேண்டும் என்பது ஒன்று. தெரியவே கூடாது என்பது மற்றொன்று. பின்னதே ஆட்சியில் இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தில் டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் கோலம் போட்டு, ஐந்தாறு வருஷம் கழித்துக் கழிப்பறை எதிர்க்கும்போது, வீட்டுக்காரர் கட்டிய மேஸ்திரிக்குப் போன் போடுவார். மேஸ்திரி அந்நேரம் வேறொரு ஊரில் வேறொரு மூடியைப் புதைத்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் மூன்று டைல்ஸ் உடைத்த பிறகு, துளசி மாடத்துக்கு அடியில் கிடைத்தது.

உண்பன, உண்ணாதன பற்றியும் இலக்கணம் உண்டு. புதுத் தொட்டியில் சாணம் கரைத்து ஊற்றும் பழக்கத்தைப் படித்த பிள்ளைகள் கேலி செய்வார்கள். மேற்படி 2470-ஆம் விதியே, முதிர்ந்த கசடு கிடைக்காவிட்டால் மக்கிய சாணம் கொஞ்சம் போடலாம் என்கிறது; பாட்டிமாருக்கு வெற்றி. ஆனால் அதே பாட்டியின் மருமகள் வாரம் ஒருமுறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கொட்டி, உள்ளே உழைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறாள். நாப்கின், ஈரத் துடைப்பான், பான்பராக் உறை ஆகியவை எந்த நுண்ணுயிருக்கும் உணவல்ல. ஐந்து பேருக்குக் கட்டிய தொட்டியில் லைன் வீட்டுப் பையன்கள் பதினாறு பேரைச் சேர்ப்பதும் இந்த இயலில் குற்றம்; வாடகை வருவதால் அது குற்றமாக எண்ணப்படுவதில்லை.

எடுப்பியல். கரண்டு கம்பத்திலும் காம்பவுண்டுச் சுவரிலும் ஊதா நிறத்தில் எழுதிய போன் நம்பரைக் கூப்பிட்டால் லாரி வரும். டி.என். 70 என்ற பலகையோடு வந்தால் ஓசூர் லாரி, கே.ஏ. 51 என்றால் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கத்து லாரி. உறிஞ்சும் முறையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இவற்றை எண் பலகையால் வகைப்படுத்துவது நுனிப்புல் மேய்வது. கொட்டும் இடத்தால் வகைப்படுத்த வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது, தோட்டத்துக்குப் போவது, இருட்டிய பின் ஏரிக்கரையில் வேலையை முடிப்பது என மூன்று. தமிழ்நாடு அரசு 2014-லேயே கசடு மேலாண்மை வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. எடுத்ததை அனுமதித்த இடத்தில்தான் கொட்ட வேண்டும். ஆனால் பேரம் பேசும் வீட்டுக்காரர் "எவ்வளவு?" என்று கேட்பாரே தவிர, "எங்கே?" என்று கேட்டதை நான் பார்த்ததில்லை. நானும் முதல் தடவை கேட்கவில்லை.

இத்தனைக்கும் நாம் மட்டுமே இத்துறையில் வல்லவர் என்று இறுமாந்துவிடக் கூடாது. நந்தி மலைப் பக்கம் பிறந்த தென்பெண்ணை, ஒசகோட்டை, சர்ஜாபூர்ப் பகுதிகளைக் கடந்து, பாகலூரை அடுத்த கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழிந்தால் வந்து சேர்வதும் இந்த ஆற்றில்தான். பெல்லந்தூர் ஏரி சில வருஷங்களுக்கு முன் தீப்பிடித்து எரிந்தது நினைவிருக்கும். பெங்களூர் குடிப்பது காவிரி. கழித்ததில் ஒரு பங்கை அனுப்புவது தென்பெண்ணையில். மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையைத் திறந்தால் மதகில் வெள்ளைப் பாறை போல நுரை எழும். மேற்கு வீட்டுக்காரருக்கு நான் செய்வதை ஒரு மாநகரம் ஓர் ஊருக்குச் செய்கிறது. வகை ஒன்று, அளவுதான் வேறு. அந்த நுரையைப் பார்த்துக் கோபப்பட நமக்கு முழு உரிமை உண்டு. கோபப்பட்டுத் திரும்பும்போது நம் மூலையையும் ஒருமுறை பார்க்கலாம்.

கடைசியாக இறங்கியல். இதில் வகை கிடையாது. மூடியைத் திறந்ததும் முட்டை அழுகிய நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. அந்த நாற்றம் சட்டென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று எண்ணக்கூடாது. அளவு கூடினால் அது மூக்கையே மரத்துப்போகச் செய்யும். முதலில் இறங்கியவர் சாய்ந்ததும், தூக்கப்போன இரண்டாமவரும் மூன்றாமவரும் அங்கேயே சாய்வது இதனால்தான். நம் மாலூர் சாலையிலேயே போய், பங்காருப்பேட்டையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். அங்கே மலம் அள்ளும் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் இதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். 2016-இல் மகசேசே விருது பெற்றவர். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால், நேராக இறக்கியவருக்கும் ஆள் வைத்து இறக்கியவருக்கும் முதல் தடவையே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 2014-இல் பத்து லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே, இறக்குவது நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

ஆகவே, "அடியில கொஞ்சம் கட்டியா இருக்கு சார், ஒரு பையனை இறக்கி விட்டா சுத்தமா எடுத்துரலாம்" என்று யாராவது சொன்னால், மூடியைப் போட்டுவிட்டு 14420 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கொஞ்சம் கசடு அடியில் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த கசடு செரிக்க அது வேண்டும்.