ஐஸுக்கு அழுத காசு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில ஒக்காரு. ஒன் சட்டையத் தொவைக்கப் போட்டேன், பையில ரெண்டு சாமான் கெடந்துச்சு. ஒன்னு பில்லு. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, நம்பரு நல்லாத் தெரியும். தாண்டிக்குடி மலையில காப்பிப்பழம் பறிச்ச காலத்துல, எடை போடையில கங்காணி முழுங்குற அரைக் கிலோவையே கக்க வச்சவ நான். காப்பி 280, வரி 14, ஆகமொத்தம் 294 ரூவா. இது என்னாத்தா காப்பின்னு ஒன் தங்கச்சியக் கேட்டேன். "கோல்டு காப்பி அப்பத்தா"ங்குறா. கோல்டுன்னா எனக்குத் தங்கம்னுதான் தெரியும். வெலையப் பாத்ததும், புள்ள சரியாத்தான் சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

இன்னொரு சாமானப் பத்திக் கடைசியில கேக்குறேன். இப்பவே முழிக்காத.

சரி, அந்தத் தங்கக் காப்பியில என்னடா இருந்துச்சு? முக்கா டம்ளர் ஐஸா? மீதிக் காலுலயும் பாதி நொரையா? கரையுறதுக்குள்ள குடிச்சா கல்லுக்குக் காசு, கரைஞ்சப்புறம் குடிச்சாத் தண்ணிக்குக் காசு. படிச்ச புள்ள எப்படித்தான் ஏமாந்தாலும் அதுல ஒரு ஒழுங்கு இருக்குப் போ.

நீ குடியிருக்குற திருவல்லிக்கேணி மேன்சனுக்குப் பக்கத்துலதான் ஐஸ் ஹவுஸ் இருக்குன்னு நீயேதான போன பொங்கலுக்குக் கதை சொன்ன? 1840-கள்ல வெள்ளக்காரன் அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் ஏரி குளத்துல ஒறைஞ்ச பனிக்கட்டிய அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு, மாசக்கணக்கா கப்பல்ல கொண்டாந்து மெட்ராசுல எறக்கி வச்ச வீடுன்னு. பின்னாடி 1897-ல விவேகானந்தர் தங்கின எடமும் அதுதான்னு. அம்புட்டுக் கடல் தாண்டி வந்த கட்டிக்கு அந்தக் காலத்துத் தொரை காசு அழுதான்னா அதுல ஒரு நாயம் இருக்கு. ஒன் ஐஸு கடையோட பின்கட்டுல இருந்து முன்கட்டுக்கு வந்துச்சு. அதுக்கு எதுக்குடா கப்பல் கூலி?

காப்பியப் பத்தி எங்கிட்டப் பேசாத. சித்திரைக்கு முன்னப்பின்ன ஒரு மழை பேஞ்சா, பத்து நாளுக்குள்ள செடி பூராம் வெள்ள வெளேர்னு பூத்து நிக்கும். மலையே மல்லியப்பூ கடை மாதிரி மணக்கும். கார்த்திகையில இருந்து தை வரைக்கும் பழம். செவந்ததை மட்டும் பறிக்கணும், கூடையில பச்சக்காய் ஒன்னு கெடந்தா அன்னைக்கு ஏச்சுதான். இம்புட்டும் பறிச்சுப்புட்டு லயத்துக்கு வந்து நாங்க குடிச்சது என்னங்குற? கருப்பட்டி போட்ட வரக்காப்பி. நல்ல கொட்டை கப்பலேறிரும், தூசும் தும்பும் நமக்கு. மலைக்காத்துல தூக்குச்சட்டியோட அந்த வரக்காப்பி ஆறிச் சில்லுன்னு கெடக்கும், அதத்தான் மத்தியானம் குடிப்போம். அப்பவே கோல்டு காப்பி குடிச்சவடா ஒன் அப்பத்தா. வரி கட்டல, அம்புட்டுத்தான்.

இப்பச் சொல்றேன் கேட்டுக்க. செல்லுல எழுதாத, காதுல கேளு.

ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பில்டர எடு. நம்ம பித்தள பில்டரு வேணாம், அது ஒன் பொண்டாட்டிக்குன்னு வச்சிருக்கேன். எவர்சில்வர் போதும். மேல் அடுக்குல 30 கிராம் தூளு, அதாவது கும்பலா நாலஞ்சு கரண்டி. கொடைய வச்சு லேசா அமுக்கு. கோவத்தையெல்லாம் அதுல காட்டினா விடிய விடிய ஒரு சொட்டு எறங்காது. கொதிச்ச தண்ணிய 150 மில்லி ஊத்தி மூடி வச்சிரு. தூளு தன் எடைக்கு ரெண்டு மடங்கு தண்ணியக் குடிச்சிரும். கீழ எறங்குறது 90 மில்லிதான். "என்ன அப்பத்தா, இம்புட்டூண்டு வந்திருக்கு"ன்னு ஒப்பாரி வைக்காத. ஐஸ் காப்பிக்கு அந்தக் கெட்டிதான் வேணும், அது மூணு டம்ளருக்குக் காணும். சூடாறுன டிக்காசன்ல சீனி கரையாம அடியில மண்ணு மாதிரி தங்கும். அதனால சூடா இருக்கையிலேயே சீனியப் போட்டுக் கலக்கிரு. வழக்கத்த விட அரைக் கரண்டி கூடப் போடு. குளுந்து போனா நாக்குக்கு இனிப்பு கம்மியாத்தான் தெரியும்.

அடுத்துச் சொல்றதுதான் எங்கிட்ட இருக்குற ஒரே ரகசியம். மொத டிக்காசன எடுத்ததும் அந்தத் தூளக் கொட்டிராத. இன்னொரு டம்ளர் கொதிதண்ணிய அது மேலேயே ஊத்து. ரெண்டாம் டிக்காசன் எறங்கும், வெளுத்துப் போய் மாமியா வீட்டுக் காப்பி மாதிரி இருக்கும். அத ஆறவச்சு ஐஸ் தட்டுல ஊத்திப் பிரீசர்ல தள்ளிரு. காலையில காப்பி நெறத்துலயே கட்டி இருக்கும். டம்ளர்ல அது கரைய கரையக் காப்பிதான் கூடும், தண்ணி கூடாது. கடைக்காரன் இதச் செய்ய மாட்டான். செஞ்சா நீ கடைசிச் சொட்டு வரைக்கும் ருசிச்சுக்கிட்டு நாற்காலியக் காலி பண்ண மாட்டியே.

பாலு கெட்டிப் பாலா வாங்கு. காய்ச்சி, ஆறவச்சு, ஆடைய எடுத்துட்டுப் பிரிட்ஜுல வை. ஆடை எடுக்காம விட்டா ஒவ்வொரு மடக்குலயும் மீசையில தொங்கும். ஒனக்கு மீசை சரியா மொளைக்கலேங்குறது வேற விசயம். காலையில ஒரு டம்ளருக்கு 150 மில்லி பாலு, எறங்குன டிக்காசன்ல மூணுல ஒரு பங்கு. ரெண்டையும் பழைய ஆர்லிக்ஸ் பாட்டில்ல ஊத்தி, மூடிய இறுக்கி, சாமியாடி குலுக்குற மாதிரி ஒரு குலுக்கு. நொர தானா வரும். ரெண்டாயிரம் ரூவா மிசினு வேணாம். ஆனா ஒன்னு, சூடான காப்பிய அந்த மாதிரி மூடிக் குலுக்கிராத. மூடி தெறிச்சு மூஞ்சி வெந்து போகும்.

தூளுல சிக்கரி இருக்கேன்னு மூக்கச் சுளிக்காத. அது ஒரு கெழங்கு வேரு, குஜராத்துப் பக்கம் வெளையுது, வறுத்துப் பொடிச்சுச் சேக்குறாங்க. பாக்கெட்டுல பொடி எழுத்துல எம்புட்டுன்னு போட்டிருக்கணும், காப்பி 51 பங்குக்குக் கொறையக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. சிலபேரு சரியா 51-லயே நிப்பாங்க, சட்டத்துக்கு அம்புட்டு மரியாத. நீ 80-க்கு 20 வாங்கு, இல்லாட்டி 70-க்கு 30. ஐஸு விழுந்தாலும் அசையாம நெறத்தையும் கசப்பையும் தூக்கிப் பிடிக்கிறது அந்த வேருதான்.

"மேன்சன்ல அடுப்பே கெடையாது அப்பத்தா"ன்னு சொல்லத்தான வாயத் தொறக்குற? அதுக்கும் வழி இருக்கு. பொட்டலத்துல விக்கிற கரையுற தூளு ரெண்டு கரண்டி, சீனி, ரெண்டு மடக்குத் தண்ணி, பாட்டில்ல போட்டுக் குலுக்கு, மேல பாலும் ஐஸும். கிரீஸ் நாட்டுல 1957-ல தெசலோனிக்கிங்குற ஊருப் பொருட்காட்சியில ஒருத்தருக்குச் சுடுதண்ணி கெடைக்காமப் பச்சத்தண்ணியில இப்படிக் குலுக்கிக் குடிச்சுத்தான் 'பிராப்பே' பொறந்துச்சுன்னு ஒன் தங்கச்சி வாசிச்சுச் சொன்னா. பாத்துக்க, அதுக்கும் அடுப்பு இல்லாத மனுசன்தான் காரணம். அடுப்பு இருக்குற எடத்துல, பாலே வேணாம்னா எங்க லயத்துக் காப்பியப் போடு. கருப்பட்டியத் தட்டிப் போட்டுக் கொதிக்க வச்சு, மண்ணு போக வடிகட்டி, தூளப் போட்டு எறக்கி, ஆறவச்சு ஐஸப் போடு. அதுல பால மட்டும் சூட்டோட ஊத்திராத, திரிஞ்சு போகும்.

கணக்குக்கு வருவோம். வத்தலக்குண்டு அரவைக் கடையில கால் கிலோ தூளு 180 ரூவாய்க்கு வாங்குறேன். ஒரு டம்ளருக்கு 10 கிராம், 7 ரூவா 20 காசு. பாலு லிட்டரு 60-னு வச்சா 9 ரூவா. சீனி, கரண்டு எல்லாம் சேத்து ஒரு ரூவாய்க்குச் சில்லற. டம்ளரு 18 ரூவான்னே வையி. நீ கொடுத்த 294-க்கு 16 டம்ளர் போடலாம். மீதி 6 ரூவா என் வெத்தலைக்கு. அதுக்காக எல்லாத்துக்கும் ஒரே நாள்ல எறக்கி வச்சிராத. டிக்காசன ரெண்டு நாளுக்கு மேல வச்சுக் குடிக்காத, மணம் செத்துரும்.

"கடையில ஏசி இருக்கே, பாட்டுப் போடுறானே, எம்புட்டு நேரம்னாலும் ஒக்காரலாமே"ன்னு சொல்லுவ. ஒக்காருடா, யாரு வேணாம்னா? வாடகைக்கு ஒக்காருறேன்னு சொல்லிட்டு ஒக்காரு. காப்பி குடிக்கப் போனேன்னு சொல்லாத.

அந்த ரெண்டாவது சாமானுக்கு வாரேன். பில்லுல ஒரு காப்பிதான் போட்டிருக்கு. ஒன் பையில கெடந்தது ஸ்ட்ரா சுத்தின தாளு, ரெண்டு. ஒரு காப்பிக்கு எதுக்குடா ரெண்டு ஸ்ட்ரா? ஒன் மூக்குக்கு ஒன்னு, வாய்க்கு ஒன்னா? சரி சரி, காது செவக்காத. ஒங்கப்பனுக்கு நான் சொல்லல. நீ 294 அழுதது ஐஸுக்கு இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் இம்புட்டு நேரம் பேசுனேன்னா, அந்தப் புள்ளைக்கும் நல்ல காப்பி கெடைக்கட்டுமேன்னுதான்.

அடுத்த மாசம் வரும்போது மூடி போட்ட ஐஸ் தட்டு ஒன்னு வாங்கிட்டு வா. இங்க இருக்குறதுக்கு மூடி இல்ல, கட்டியில கருவாட்டு வாடை ஏறிருது. அந்தப் புள்ளையையும் கூட்டிட்டு வா. ஸ்ட்ரா வாங்காத. நம்ம வீட்டுல டம்ளர் ரெண்டு இருக்கு.