இரண்டு ரூபாய்ச் சாப்பாடு

இந்திய விமான நிலையங்களில் இரண்டு ரூபாய்க்குச் சாப்பாடு போடுகிறார்கள். இட்லி, வடை, உப்புமா, பன்னீர், நூடுல்ஸ், கேக், இயந்திரத்தில் பிடித்துக்கொள்ளும் காபி. வயிறு கொள்ளும்வரை சாப்பிடலாம். ஏசி, வைஃபை, சாய்ந்துகொள்ள சோபா எல்லாம் அந்த இரண்டு ரூபாயிலேயே அடக்கம். சில வங்கி அட்டைகளுக்கு அந்த இரண்டு ரூபாயும் கணக்கில் திரும்ப வந்துவிடும். இந்தத் திட்டத்துக்கு எந்தத் தலைவர் பெயரும் வைக்கவில்லை, சுவரில் யார் படமும் மாட்டவில்லை. அதனாலோ என்னவோ, இதை யாரும் இலவசம் என்பதில்லை. லவுஞ்ச் என்கிறார்கள்.

2013-இல் சென்னையில் அம்மா உணவகம் திறந்து ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் போட்டார்களே, அப்போது நம் நடுத்தர வர்க்கத்துக்கு வந்த கவலை கொஞ்சநஞ்சமல்ல. உழைக்கிற பழக்கம் போய்விடும், கைநீட்டுகிற புத்தி வந்துவிடும், வரி கட்டுகிற நாங்கள் என்ன ஏமாளிகளா என்று ஒரே புலம்பல். அந்த ஏமாளிகளைப் பார்க்க வேண்டுமானால் அதிகாலை நான்கு மணிக்கு ஒரு லவுஞ்ச் வாசலுக்குப் போங்கள். ஆறரை மணி விமானத்துக்கு இழுவைப் பெட்டியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். உள்ளே போனதும் வடைமேல் பாஸ்தா, பாஸ்தாமேல் குலாப் ஜாமூன் என்று ஒரே தட்டில் அடுக்குவார்கள். இரண்டு தண்ணீர் பாட்டில் கைப்பைக்குள் போகும். சுண்டலுக்கு முண்டியடிக்கும் கூட்டம் என்று கோயிலில் யாரையாவது பார்த்து முகம் சுளித்தவர்களும் இந்த வரிசையில் இருப்பார்கள்.

ஒரு காலத்தில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்காரர்களுக்கு மட்டும் திறந்த கதவு இது. அட்டை விற்பதற்காக வங்கிகள் அதை அகலமாகத் திறந்துவிட்டன. உள்ளே நுழையும் ஒவ்வொரு தலைக்கும் வங்கிதான் பணம் கட்டுகிறது. வங்கிக்கு எங்கிருந்து வருகிறது? கிரெடிட் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரரிடம் சுமார் இரண்டு சதவீதம் பிடித்துக்கொள்கிறார்களே, அதிலிருந்தும்தான். கடைக்காரர் அதைப் பொருளின் விலையில் ஏற்றுகிறார். ஆக, ரொக்கம் கொடுத்துச் சோப்பு வாங்குகிற வீட்டு வேலைக்காரப் பெண்ணும், தான் பார்த்தேயிராத அந்த வடைக்கு மொய் எழுதிக்கொண்டிருக்கிறார். இப்போது சொல்லுங்கள், யார் பணத்தில் யார் சாப்பிடுகிறார்கள்?

கூட்டம் தாங்காமல் வங்கிகளுக்கே பிறகு விழி பிதுங்கியது. 2024 ஏப்ரல் முதல், ஐசிஐசிஐ வங்கியின் பல அட்டைகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருந்தால்தான் லவுஞ்ச். அதே ஆண்டு நவம்பரில் அது 75,000 ஆனது. மற்ற வங்கிகளும் இதே வழியில் போயின. பல மாநிலங்களில் ரேஷனுக்கு ஏழை என்று நிரூபிக்கச் சொல்வார்கள். இங்கே ஊதாரி என்று நிரூபிக்க வேண்டும். இந்த விதியை அம்மா உணவகத்தில் வைத்துப் பாருங்கள்: ‘சென்ற மூன்று மாதத்தில் முக்கால் லட்சத்துக்குச் செலவு செய்த கணக்கைக் காட்டுங்கள் அம்மா, சாம்பார் ஊற்றுகிறோம்.’ உழைப்பின் மகிமை பேசியவர்கள் இதற்கு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தலையாட்டினார்கள். உப்புமாவுக்காக டிவியே வாங்கிவிட்டவர்களும் உண்டு.

அட்டை இல்லாதவர்? அவர் வெளியே. அங்கே தேநீர் விலையைக் கேட்டு ஆடிப்போனவர்களில் முன்னாள் நிதியமைச்சர் ஒருவரும் அடக்கம். 2018-இல் சென்னை விமான நிலையத்தில் வெந்நீரும் ஒரு தேயிலைப் பையும் 135 ரூபாய் என்றதும் வேண்டாம் என்று வந்துவிட்டதாக ப. சிதம்பரமே ட்விட்டரில் எழுதினார். பட்ஜெட் போட்டவருக்கே கட்டுப்படியாகவில்லை. பிறகு 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் பத்து ரூபாய்க்குத் தேநீர் தரும் ‘உடான் யாத்ரி கஃபே’ வந்தது. திறந்துவைக்க மத்திய அமைச்சரே வந்தார். டீக்கடைக்கு அமைச்சர் வரட்டும், தப்பில்லை. ஆனால் பத்து ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்றால் அதுவரை வாங்கியதற்கு என்ன பெயர்?

வெளியே வசதியில்லாமல் விடுவதன் சூட்சுமத்தை ழூல் துப்புய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849-இலேயே பிட்டு வைத்துவிட்டார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிக்குக் கூரை இல்லாமல் விடுவது செலவை மிச்சம் பிடிக்க அல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு தரக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அதற்காகத்தான். ஏழையை வதைப்பது நோக்கமல்ல, பணக்காரனைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்றார். விமான நிலையத்தில் முதுகு பிடிக்கும் இரும்பு நாற்காலியும், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றத் தூணைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கும்பலும் லவுஞ்சுக்கான விளம்பரப் பலகைகள். வெளியே வசதி செய்துவிட்டால் உள்ளே யார் போவார்கள்?

ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று 2017-இல் பிரதமர் சொன்னார். அவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பறக்கத் தொடங்கியவர்கள். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வளைகுடாவுக்கு, கயிறு கட்டிய அட்டைப் பெட்டியோடு. வருடக்கணக்கில் போய்வந்தும் லவுஞ்ச் எந்த மாடியில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தரையில் துண்டை விரித்துப் படுத்தால் எழுப்பிவிட மட்டும் ஆள் வரும்.

விமானம் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணிக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் விதி உண்டு. அந்தச் சாப்பாட்டுக்கு 75,000 நிபந்தனை இல்லை, அதனால் மரியாதையும் இல்லை. 2024 ஜனவரியில் கோவாவிலிருந்து டெல்லிக்குப் போக வேண்டிய இண்டிகோ விமானம் பனிமூட்டத்தால் மும்பைக்குத் திருப்பப்பட்டது. இறங்கிய பயணிகள் விமானத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வீடியோ நாடெங்கும் பரவியதும் இண்டிகோவுக்கு 1.20 கோடியும் மும்பை விமான நிலையத்துக்கு 90 லட்சமும் அபராதம். 2025 டிசம்பரில், விமானிகளின் புதிய ஓய்வு நேர விதிக்கு ஆயத்தமாகாத அதே நிறுவனம் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. முனையங்களில் மலைபோல் பெட்டிகள், அவற்றின் இடுக்கில் கைக்குழந்தையோடு மனிதர்கள்.

2024 பிப்ரவரியில், அதே மும்பை விமான நிலையத்தில் நியூயார்க்கிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்திறங்கிய எண்பது வயது முதியவர் தனக்கும் மனைவிக்கும் சக்கர நாற்காலி கேட்டு முன்பே பதிவு செய்திருந்தார். வந்தது ஒன்றுதான். அதில் மனைவியை உட்காரவைத்துவிட்டு அவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் சுருண்டு விழுந்தார், உயிர் போய்விட்டது. இன்னொரு நாற்காலி வரும்வரை காத்திருக்கச் சொன்னோம், அவர்தான் நடந்தார் என்று ஏர் இந்தியா விளக்கம் கொடுத்தது. டிஜிசிஏ 30 லட்சம் அபராதம் போட்டது. சில லவுஞ்சுகளில் கால் பிடித்துவிடும் நாற்காலிகூட இருக்கிறது. ஆனால் அது கிளம்புகிறவர்களுக்கு. வந்திறங்கியவர்களுக்கு அனுமதியில்லை. விதி அப்படி.