மண்ணெண்ணெய் கண்ட மனிசன்

லாவாலில் ஒரு சாமத்திய வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, பாப்பினோ-லெப்லாங் பாலத்தைத் தாண்டி மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் இறங்கும்போது கார் எஞ்சின் நின்றுவிட்டது. மீற்றர் பலகையில் இத்தனை விளக்குகள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. கார் மட்டும் எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்றாள் மனைவி.

"ஐயோ தம்பி, நடு றோட்டிலை நிப்பாட்டாதேங்கோ!" என்றார் மாமி.

முன்சீற்றில் அரைத்தூக்கத்தில் இருந்த சித்தப்பா கண்ணைத் திறக்கவில்லை. "நியூட்ரலுக்குப் போடு. திறப்பை மட்டும் எடுத்துப்போடாதை, ஸ்டியரிங் பூட்டிப்போடும்."

ஸ்டியரிங் ஏற்கெனவே கனத்துவிட்டது. அதற்குக் கைகொடுக்கும் எண்ணெய்ப் பம்பைச் சுற்றுவதே எஞ்சின்தானே. பிரேக்கின் கதையும் அதுதான். எஞ்சின் உறிஞ்சித் தந்த வெற்றிடம் பூஸ்டரில் கொஞ்சம் மிச்சமிருக்கும். இரண்டொரு மிதிக்குத்தான் காணும். அதற்குப் பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் சாமத்திய வீட்டில் சாப்பிட்ட பலம் முழுவதையும் காலில் இறக்க வேண்டும். பயந்த கால் விட்டுவிட்டு மிதிக்கத்தான் பார்க்கும்.

"குத்திக் குத்தி மிதியாதை. ஒரே மிதியா அமத்து."

சித்தப்பா யாழ்ப்பாணத்தில் ஓடியது ஒஸ்ரின் ஏ40. அதில் பவர் ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக் பூஸ்டரும் இல்லை. எஞ்சின் செத்த என் காரின் நிலைமைதான், நல்ல சுகத்தோடு இருந்த அவருடைய காரின் நிலைமை. 1990களில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணுவது, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒழுங்கை முடக்கில் நிற்கும். தள்ள ஆள் வரும். புகை கக்கிக்கொண்டு திரும்பவும் ஓடும். எஞ்சின் நிற்பது அவருக்கு ஆபத்தல்ல, தரிப்பிடம்.

நாலு சிக்னலையும் போட்டு, வலப்பக்கமாக உருட்டி, ஹென்றி-புராசா வீதி வருமுன் பனிக்குவியலோரம் நிறுத்தினேன். இழுவை வண்டி வரும்வரை, பல் கிடுகிடுப்பதை மறக்க, கிம்லி கதையை எடுத்தேன். 1983 ஜூலை 23, இதே மொன்றியலிலிருந்து புறப்பட்ட எயார் கனடா 143. இறாத்தலையும் கிலோவையும் மாற்றிக் கணக்குப் போட்டதில், வேண்டிய எரிபொருளில் அரைவாசிகூட ஏறவில்லை. 41,000 அடியில் எச்சரிக்கை மணி அடித்தது. சற்று நேரத்தில் இரண்டு எஞ்சினும் அணைந்தன. கப்டன் பொப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். அந்தப் போயிங் 767ஐ மிதக்கவிட்டே கொண்டுவந்து, மனிற்றோபாவில் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். ஓடுபாதையிலோ கார் ரேஸ்காரர்கள் கூடியிருந்தார்கள்! 69 பேரும் உயிர் தப்பினார்கள்.

சித்தப்பா இப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

"பிளேன் என்னத்திலை ஓடுறது?"

"அதுவும் ஒருவகை மண்ணெண்ணெய்தான், சித்தப்பா."

"ம்." கொஞ்ச நேரம் யோசித்தார். "பாவம் அந்த மனிசன். அந்த உயரத்திலை தள்ளவும் ஆள் கிடையாது."