ஒரு பாயின்ட் மாமா

மும்பை மாட்டுங்காவில் இரண்டு பாயின்ட்டில் தோற்ற பள்ளிக்கூடக் கூடைப்பந்து டீமே கிடையாது. எல்லா டீமும் ஒரே ஒரு பாயின்ட்டில்தான் தோற்றிருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு நடக்கிற எந்த மாமாவையாவது நிறுத்திக் கேளுங்கள். கேட்கக்கூட வேண்டாம், எதிரில் நின்றாலே போதும்.

"அந்த ஜிம் இருந்துதே, ஜிம்!" என்று ஆரம்பித்துவிடுவார். ஜிம் என்றதும் ஏசியையும் டிரெட்மில்லையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். சிமென்ட் தரை, மேலே தகரக் கூரை, ஒரு மூலையில் மல்லகம்ப மரம், சுவரோரம் லேசிம் மூட்டை, இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் மரப்பலகையில் பத்தடி உயரத்தில் ஒரு இரும்பு வளையம். அவ்வளவுதான். கூரை ஒழுகி ஜூலை மாதத்தில் மரப்பலகை ஊறிப் போய்விடும். பட்ட பந்து திரும்பி வராமல் தொப்பென்று கீழே விழும். மழை பிடித்துக்கொண்டால் தகரத்துச் சத்தத்தில் ரெஃபரி ஊதும் விசில் யார் காதிலும் விழாது. பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.சி. எழுதிய காலம் அது.

இதையெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். தொல்லை அந்த ஷாட்டில்தான் ஆரம்பிக்கிறது.

இன்டர் ஸ்கூல் ஃபைனல். கடைசி நிமிஷம். மாமா தூரத்திலிருந்து எறிகிறார், பந்து உள்ளே விழுகிறது, இரண்டு பாயின்ட். இருந்தும் டீம் ஒரு பாயின்ட்டில் தோற்கிறது. மனிதர் என்றால் அன்றைக்கு ஒரு மசாலா தோசை சாப்பிட்டுவிட்டு மறந்திருக்க வேண்டும். மாமாவோ 1984 வரை பொறுத்திருந்தார். அந்த வருஷம்தான் சர்வதேச கூடைப்பந்து விதிகளில் மூன்று பாயின்ட் கோடு வந்தது. கூடையிலிருந்து 6.25 மீட்டருக்கு அப்பாலிருந்து போட்டால் மூன்று. மாமா அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

கணக்கு இதுதான். இரண்டு கொடுத்த இடத்தில் மூன்று கொடுத்திருந்தால் ஸ்கோர் சமம். சமம் என்றால் ஓவர்டைம். எதிர் டீம் சென்டருக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல். ஐந்தாவது விழுந்தால் ஆள் வெளியே. அவன் வெளியே போனால் ரீபவுண்டு பூராவும் நமக்கு. "ஆகக்கூடி கப் யாரோடது? நீயே சொல்லு!" நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் நாங்கள் உட்கார்ந்திருப்பது கஃபே மெட்ராஸில். வெளியே பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு முப்பது பேர் பசியோடு எங்களை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேஜை மேல் தண்ணீரைத் தொட்டுக் கோர்ட் போட்டாகிவிட்டது. ரச வடைக் கிண்ணம் கூடை, சட்னிக் கிண்ணம் அந்த நாலு ஃபவுல்காரன், டபரா மாமா. டபரா மேஜை விளிம்புக்கு நகர்கிறது, அங்கிருந்துதான் ஷாட். சர்வர் வந்து கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமா அசரவில்லை, உப்பு ஜாடியைக் கூடை ஆக்கினார்.

ஒரு நாள் வாய் சும்மா இல்லாமல் சொன்னேன்: "மாமா, 2010-லேர்ந்து அந்தக் கோட்டைத் தள்ளிப் போட்டுட்டா. இப்போ 6.75 மீட்டர்."

ஒரு கணம் யோசித்தார். அடுத்த வாரம் அவர் வீட்டில் சொன்ன கதையில் ஷாட் அரை மீட்டர் பின்னால் போயிருந்தது. தரையில் ஒரு விரிசல் இருந்ததாம், அதன் மேல் வலது கால் இருந்ததாம். இத்தனை வருஷமாகச் சொல்லாத விரிசல்! உள்ளேயிருந்து மாமி கேட்டாள்: "போன தீபாவளிக்குப் பாதி கோர்ட்லேர்ந்து போட்டேள். இந்தத் தீபாவளிக்கு ஸ்டேஷன்லேர்ந்தா?"

2019 அக்டோபரில் என்.பி.ஏ. முதன்முறையாக மும்பைக்கு வந்து வொர்லியில் ஆடியது. முதல் நாள் ஆட்டத்தில் ஓவர்டைம் வரை போய் இண்டியானா பேசர்ஸ் 132, சேக்ரமென்டோ கிங்ஸ் 131. காலையில் பேப்பரோடு மாமா என் வீட்டு வாசலில். "பாத்தியா, ஒரு பாயின்ட்!" தோற்றவர்களுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர் முகம். காபி கொடுத்து அனுப்பினேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு தடவை எனக்கும் மனசு இளகியது. இந்தியன் ஜிம்கானா பக்கம் சாயங்காலம் போய்க்கொண்டிருந்தோம். பையன்கள் ஆடிய பந்து உருண்டு வந்து மாமா காலடியில் நின்றது. குனிய முடியாத மனிதர் குனிந்தார். தரையில் இரண்டு தட்டு. தலை நிமிரவேயில்லை, பந்து மட்டும் கைக்குத் தானாக வந்தது. நெஞ்சுக்கு நேராக ஒரு பாஸ். பையன் கையை நீட்டினான், உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது. "தேங்க்ஸ் அங்கிள்" என்றான். மாமா அந்த ஒரு தடவை கதை எதுவும் சொல்லவில்லை.

ஆனால் கோபம் வராமல் இல்லை. அந்தத் தகரக் கொட்டகை போய் ரொம்ப நாளாகிறது. அதே இடத்தில் திறந்தவெளிக் கோர்ட் இருக்கிறது, பிள்ளைகள் ஆடத்தான் ஆடுகிறார்கள். சனிக்கிழமை ஆனால் கோர்ட்டின் பாதியில் கார் நிற்கும். முகூர்த்த மாதம் வந்தால் பந்தல் கால் நடச் சிமென்ட்டில் ஓட்டை போடுவார்கள். பழைய மாணவர் குரூப்பில் பழைய ஜிம்மின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு அழுகிற பொம்மை அனுப்பாத மாமா கிடையாது. "சார், கார் நிறுத்தாதீங்கோ" என்று கமிட்டிக்கு ஒரு வரி எழுதிய மாமாவும் கிடையாது. ரீயூனியனுக்கு ஸ்டார் ஹோட்டலில் பஃபே. பெயர் பொறித்த பித்தளைத் தகட்டுக்குத் தனி வசூல். அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று நாலு மாதம் சண்டை. கோர்ட்டுக்கு என்று கேட்டால், "எங்க காலத்துல இதெல்லாம் கேட்டோமா?" என்பார்கள்.

பித்தளைத் தகடு வேண்டாம், மாமாக்களே. இரண்டு வளையத்திலும் வலை கிழிந்து தொங்குகிறது. ஒரு ஜோடி நைலான் வலை சில நூறு ரூபாய்தான், நீங்கள் அன்றைக்குச் சாப்பிட்ட பஃபேயில் ஒரு இலைக்குக்கூட ஆகாது. வாங்கிக்கொண்டு போங்கள். ஏணி வாட்ச்மேனிடம் இருக்கிறது.